பயண வாத்தியார் ஆறுமுகநயினார்

தூத்துக்குடியில் கப்பல் ஏறாமலேயே கப்பலால் பிழைத்தவர்கள் நிறையப் பேர். ஸ்டீமர் கம்பெனியில் டிக்கெட் கிழித்துக் கொடுத்த நானும் அதில் ஒருவன்தான். ஆனால் கப்பல் என்ற சொல்லுக்கு முன்னால் இங்கிலீஷில் எந்தச் சொல்லை வைக்கவேண்டும் என்று சொல்லிக் கொடுத்தே சோறு தின்றவன் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவன். அவன் பெயர் ஆறுமுகநயினார். ஊர் கயத்தாறு. கண்ணுக்கெட்டிய தூரம் கரிசல் காடு, மழை பெய்தால் மட்டும் தண்ணீர். அங்கே பிறந்தவன் கடற்கரைக்கு வந்து கடல் பயணத்துக்கு வாத்தியார் ஆனான் என்றால், எங்கள் ஊர் எப்பேர்ப்பட்ட ஊர் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

யுத்தம் முடிந்து, நாற்பத்தாறாம் வருஷம், ரேஷன் கணக்கு எழுத எடுத்த தற்காலிகக் குமாஸ்தாக்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்படிக் கழித்துவிடப்பட்டவர்களில் இவனும் ஒருவன். ஊருக்குத் திரும்பிப் போய் நிலத்தைப் பார்க்கலாமே, போகவில்லை. கீழக் கடற்கரைச் சாலைப் பக்கம், கருப்பட்டி மூட்டை அடுக்கி வைக்கிற ஒரு கிட்டங்கியின் மாடியில் அறை பிடித்தான். வாசலில் பலகை தொங்கியது. ‘பயண இங்கிலீஷ். பதினைந்தே நாளில். கொழும்பு, ரங்கூன், பினாங்கு செல்வோருக்கு.’ ரங்கூனில் குண்டு விழுந்தபோது காடும் மலையுமாக நடந்தே உயிர் தப்பி வந்த குடும்பம் ஒன்று அதே தெருவில் இருந்தது. அந்த வீட்டுப் பெரியவர் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் காறித் துப்பியதை நான் பார்த்தேன். எனக்கும் துப்பவேண்டும் போலத்தான் இருந்தது. கம்பெனிச் சட்டை போட்டிருந்ததால் விட்டுவிட்டேன்.

ஆள் குச்சி மாதிரி இருப்பான். அந்த வெயிலில் கறுப்புக் கோட்டு போடுவான். உப்புக் காற்று பட்டுப் பட்டுக் கோட்டுக் கழுத்தெல்லாம் பூசணம் பிடித்ததுபோல் வெளுத்துக் கிடக்கும். கக்கத்தில் குடை. அதை விரித்து ஒருவரும் பார்த்ததில்லை. சுத்த சைவம் வேறு. கருவாட்டு வாசம் வந்தால் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொள்வான். ஆனால் கருவாடு விற்ற கை நீட்டும் கட்டணத்தை வாங்கும்போது மூக்கைப் பொத்தமாட்டான்.

என் கவுண்டருக்கு வாரத்துக்கு இரண்டு தடவையாவது வருவான். டிக்கெட் வாங்க அல்ல. நோட்டீஸ் பலகையில் ஒட்டியிருக்கும் கப்பல் அறிவிப்புகளை ஒரு பழைய நோட்டில் எழுதிக்கொண்டு போக. அதுதான் அவனுடைய பல்கலைக்கழகம். எழுதி முடித்ததும் என் பக்கம் திரும்பிப் பாடத்தை ஆரம்பிப்பான்.

“ஓய் பவுலு, இங்கிலீஷ்ல ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு ஜோடி உண்டும் வே. கட்டின பொண்டாட்டி மாதிரி. பேசேஜ்னா ‘புக்’. ஸ்டீமர்னா ‘கேட்ச்’. வாயேஜ்னா ‘மேக்’. விசிட்னா ‘பே’. ஜோடிய மாத்திக் கட்டினேருன்னு வையும், குடும்பம் நாறிரும்.”

“நாறட்டும் வாத்தியாரே. கொஞ்சம் தள்ளி நில்லும், ஆளு வாராங்க.”

“தள்ளி நிக்கேன். ‘டேக் எ டிக்கெட்’னு நேத்து ஒருத்தன்கிட்ட சொன்னேரே. தப்பில்ல. ஆனா ‘புக் எ பேசேஜ்’னு சொன்னா அதுல ஒரு கெத்து இருக்கு பாரும்.”

பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் பத்து வருஷம் பிரம்படி வாங்கி இங்கிலீஷ் படித்தவன் நான். எனக்கு இவன் பாடம் எடுக்கிறான்! அதைவிட எரிச்சல், அவன் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான். வெள்ளைக்காரன் ஒருவரைப் பார்க்கப் போனால் ஏதோ வரி கட்டுவதுபோல ‘பே எ விசிட்’ என்கிறான். வழியில் இறங்கித் தங்கினால் பயணத்தையே போட்டு உடைத்ததுபோல ‘பிரேக் ஜர்னி’ என்கிறான். ஏனென்று கேட்டால் அவனுக்கே தெரியாது. நாமும் அப்படித்தான். கப்பல் ஏறுகிறோம், பாய் விரிக்கிறோம், நங்கூரம் போடுகிறோம். இதையெல்லாம் எங்கள் ஆத்தாமார் பலகை மாட்டி வகுப்பு நடத்தியா சொல்லித் தந்தார்கள்? என் அப்பா தோணித் தண்டலாக இருபத்தெட்டு வருஷம் கொழும்புக்குப் போய் வந்தார். தோணியை நடத்துகிற தண்டலுக்குக் காற்று தெரியவேண்டும், தண்ணீர் நிறம் தெரியவேண்டும், கூட வருகிறவன் சோம்பேறியா இல்லையா என்று தெரியவேண்டும். அவருக்கு ஒரு ஜோடியும் தெரியாது.

இந்தப் பயண வாத்தியார் எத்தனை பயணம் போயிருக்கிறான் என்று கேட்பீர்கள். ஒன்று போனான். ஒன்றுகூட இல்லை, அரை என்று சொல்லவேண்டும். நாற்பத்தேழில், மாணவர்கள் கேலி செய்ய ஆரம்பித்ததும், கொழும்பு போய் வருகிறேன் பார் என்று கிளம்பினான். எங்கள் துறைமுகத்தில் ஸ்டீமர் கரைக்கு வராது. கடல் ஆழம் குறைவு. அஞ்சு மைல் தள்ளி நிற்கும். லாஞ்சில்தான் போய் ஏறவேண்டும். லாஞ்ச் இரண்டு மைல் போவதற்குள் இவன் குடலே வெளியே வந்துவிடும் போல வாந்தி எடுத்தான். ஸ்டீமர் பக்கத்தில் போய் நின்றதும் அந்த உயரத்தையும் தொங்கும் ஏணியையும் பார்த்தான். பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு லாஞ்சின் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டான். நாலு பேர் சேர்ந்து தூக்கியும் எழுந்திருக்கவில்லை. அதே லாஞ்சில் திரும்பி வந்தான். மறுநாள் கவுண்டரில் வந்து நின்று, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல், “பிரேக் ஜர்னி பண்ணிட்டேன் வே, உடம்புக்கு ஒத்துக்கல” என்றான். நான் சிரித்த சிரிப்பில் அன்று இரண்டு டிக்கெட்டைத் தப்பாகக் கிழித்தேன்.

இவ்வளவுக்கும் பிறகு அவன் வகுப்பு ஓயவில்லை. கூடியது. நாற்பத்தொன்பதில் வெள்ளைக்காரன் போய் இரண்டு வருஷமாகியும் இங்கிலீஷ் மேல் சனங்களுக்கு இருந்த பயம் போகவில்லை. கொழும்புக்குப் போகிறவர்களைக் கரையில் நிறுத்தி இங்கிலீஷில் கேள்வி கேட்கிறார்களாம், பதில் சொல்லத் தெரியாதவனைத் திருப்பி அனுப்புகிறார்களாம் என்று ஒரு வதந்தி. யார் கிளப்பியது என்று தெரியாது. யாருக்கு அதனால் லாபம் என்று தெரியும். கரையில் காகிதம் பார்க்கிற அதிகாரி தமிழில்தான் கேட்பார் என்பது எனக்குத் தெரியும். கப்பல் வருகிற நாளில் கரையில் அவர் மேஜைக்குப் பக்கத்து மேஜை என்னுடையது. கேட்டவர்களிடம் சொன்னேன். கேட்காதவர்களிடம் நான் ஏன் போய்ச் சொல்லவேண்டும்?

அந்த வருஷம் ஆவணி கடைசியில் அமலோற்பவம் என் கவுண்டருக்கு வந்தாள். மணப்பாட்டுப் பெண், இங்கே உறவுக்காரர் வீட்டில் வந்து தங்கியிருந்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். அவள் புருஷன் வில்பிரட்டை எனக்கு நன்றாகத் தெரியும். இங்கே சங்கு குளித்துக்கொண்டிருந்தான். முத்துக்குளிப்புதான் இருபது வருஷமாக நின்று கிடக்கிறது, சங்கிலும் வயிறு நிறையவில்லை என்று கொழும்புத் துறைமுகத்துக்குப் போய்விட்டான். தண்ணீருக்குள் இறங்கிக் கப்பல்களின் அடியைப் பார்க்கிற வேலை. கல்யாணம் முடிந்து நாலு மாதத்தில் போனவன், இரண்டு வருஷமாக வரவில்லை. இப்போது கடிதம் போட்டிருந்தான். அடுத்த மாதத்துக்கு அடுத்த மாதம் இலங்கையில் புதுச் சட்டம் வருகிறது, அதன் பிறகு விசா இல்லாமல் யாரும் உள்ளே நுழைய முடியாது, ஐப்பசிக்குள் எப்படியாவது வந்து சேர், வராவிட்டால் நாம் சேருவது ஆண்டவர் கையில் என்று எழுதியிருந்தான். அவள் அந்தக் கடிதத்தை என்னிடம் நீட்டினாள்.

“அண்ணாச்சி, கரையில இங்கிலீஷ்ல கேக்காங்களாமே. ரெண்டு வார்த்த நீங்க சொல்லித் தந்தியன்னா நான் மனப்பாடம் பண்ணிக்கிடுவேன். எனக்கு மண்டையில ஏறும்.”

நான் சிரித்தேன். வேறொன்றும் செய்யவில்லை, சிரித்தேன். “ஏளா, ஒன் அப்பன் இங்கிலீஷ் பேசியா கடலுக்குப் போனான்? போ, போயி சோலியப் பாரு” என்றேன். வரிசையில் நின்ற நாலு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அவள் கடிதத்தை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டாள். தமிழில்தான் கேட்பார்கள் என்று அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் போதும். கேலி செய்யும் சுகத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை.

நேரே கருப்பட்டிக் கிட்டங்கி மாடிக்குத்தான் போயிருக்கிறாள். ஒரு வாரம் கழித்துத் தெருவில் பார்த்தபோது கையில் நோட்டு இருந்தது. என்னைப் பார்த்ததும் நின்றாள்.

“அவரு சிரிக்கலண்ணாச்சி. ஒக்காருன்னு சொன்னாரு” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்று இருந்தது. என்னிடம் இலவசமாக வாங்கியிருக்கவேண்டிய புத்தியை அந்த வாந்தி வாத்தியாரிடம் காசு கொடுத்து வாங்குகிறாளே என்று அவள் மேலும் கோபம் வந்தது. இனி எப்படியோ போகட்டும் என்று நினைத்தேன்.

அவளைப் பார்த்து மணப்பாடு, புன்னைக்காயல் பக்கத்திலிருந்து இன்னும் ஆறு பெண்கள் சேர்ந்தார்கள். எல்லாருக்கும் புருஷனோ தகப்பனோ கொழும்பில். வகுப்பு நடந்தவிதத்தை ஒரு தடவை கிட்டங்கிக்குக் கீழே நின்று காதால் கேட்டேன். பழைய பெட்டி அட்டைகளில் ஒவ்வொரு சாமானின் பெயரையும் எழுதி வைத்திருப்பான். ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டி “ஸ்டீமர்!” என்பான். அவர்கள் ஜோடியைச் சேர்த்துச் சொல்லவேண்டும். இந்தப் பெண்கள் பிறந்தது முதல் கோயிலில் முழங்காலில் நின்று பிரார்த்தனை சொல்லி வளர்ந்தவர்கள். முன்னால் ஒருவர் அர்ச்சிஷ்டவர்கள் என்கிற புனிதர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்ல, பின்னால் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே குரலில் பதில் இழுப்பார்களே, அந்தப் பழக்கத்தில் பாடத்தையும் இழுத்தார்கள். அவன் “ஸ்டீமர்!” என்றதும் ஏழு பேரும் “கே...ட்ச் தி ஸ்டீமர்”. “டிரங்க்!” என்றதும் “பே...க் மை டிரங்க்”. அந்த ராகத்தில் சொன்னால்தான் அவர்களுக்கு நினைவு நின்றது. பிடிவாதமாக அதையேதான் சொன்னார்கள். இந்தச் சைவ மனுஷன் அதென்ன ராகம் என்று தெரியாமல் பிரம்பால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். எங்கள் வேதக்காரப் பெண்களை வைத்து இவன் கேளிக்கை நடத்துகிறான் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புரட்டாசியில் கரையில் அதிகாரி மாறினார். புதிதாக வந்தவர் வடக்கே, மெட்ராஸ் பக்கம் எங்கோ உள்ளவர். கண்டிப்பானவர், கைச்சுத்தம், ஒரு தடவை காதில் வாங்கியதை இரண்டாம் தடவை கேட்கமாட்டார். தேயிலைத் தோட்டத்துக்குக் கூலிகளைக் கூட்டமாகச் சேர்த்துக்கொண்டு போகிற கங்காணிகளைப் பிடிப்பதுதான் அவருக்குக் குறி. அப்படி ஆள் பிடிப்பதை சர்க்கார் தடுத்துப் பத்து வருஷம் ஆகியும் திருட்டுத்தனமாக நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் என் மேஜையில் சாய்ந்துகொண்டு சொன்னார்.

“பவுல், போன வாரம் மூணு பேர் வந்தாங்க. ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தமே இல்லை. மூணு பேரும் அச்சடிச்ச மாதிரி ஒரே இங்கிலீஷ். எவனோ ஒரு கங்காணி சொல்லிக் குடுத்து அனுப்புறான். இனிமே அப்படி ஒப்பிக்கிறவங்க வந்தா மொத்தமா நிறுத்திடப் போறேன்.”

எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. அது கங்காணி இல்லை சார், ஒரு கிறுக்கு வாத்தியார் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அமலோற்பவத்திடமாவது, தாயே, கரையில் வாயைத் திறந்து அந்தக் கண்றாவியை ஒப்பித்துவிடாதே என்று சொல்லியிருக்கலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் என்னைக் கடந்துதான் போனாள். அவளிடமும் சொல்லவில்லை. ஆறுமுகநயினார் மாட்டிக்கொண்டு முழிப்பதை நான் கண்ணால் பார்க்க வேண்டும். மூன்று வருஷமாக என் கவுண்டரில் வந்து பீற்றிக்கொண்டதற்கு ஒரு முடிவு வேண்டும். அந்த ஆசை எனக்கு அவ்வளவு இருந்தது.

ஐப்பசியில், விசாச் சட்டத்துக்கு முந்திய கடைசி ஸ்டீமர் வந்தது. வாடைக் காற்று பிடித்துக் கடல் பொங்கிக் கிடந்தது. அலை இன்னும் ஏறினால் ஓட்டமுடியாது, மூன்று மணிக்கு ஒரே லாஞ்ச், அதற்கு மேல் கிடையாது என்று லாஞ்ச்காரன் சொல்லிவிட்டான். லாஞ்ச் வந்து நிற்கிற ஜெட்டித் துறையில் கூட்டமான கூட்டம். ஏழு பெண்களும் டிரங்குப் பெட்டிகளோடு ஒன்றாக வந்தார்கள். அமலோற்பவம் முன்னால் நின்றாள். கல்யாணச் சேலையைக் கட்டியிருந்தாள்.

வாத்தியாரும் வந்திருந்தான். மாணவர்களை வழியனுப்புவது அவன் வழக்கம். தண்ணீர் தெறிக்காத தூரத்தில், கறுப்புக் கோட்டும் குடையுமாக, ஏதோ தன் பெண்களையே கட்டிக்கொடுத்து அனுப்புகிற தகப்பன் மாதிரி நிற்பான். அன்றும் அப்படித்தான் நின்றான். கையில் கைக்குட்டை தயாராக இருந்தது.

அதிகாரி அமலோற்பவத்தின் காகிதங்களை வாங்கினார். “எங்கம்மா போற?” என்று தமிழில் கேட்டார். பயணம் கிளம்புகிறவளிடம் எங்கே என்று கேட்கக்கூடாது என்பதுகூடத் தெரியாத மனுஷன். அவள் முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனாலும் தெளிவாகச் சொன்னாள்.

“கொழும்புக்குய்யா. மாப்பிள்ளைட்ட போறேன். இது அவுக கடிதாசி. இது பங்குச் சாமியார் குடுத்த கல்யாணச் சீட்டு.”

எல்லாம் சரியாக இருந்தது. அவர் தலையை ஆட்டினார். முத்திரையை எடுத்து மையில் தொட்டார். தொட்டுக்கொண்டே பெட்டியைப் பார்த்தார். அவர் ஆபீஸ் பழக்கத்தில், அவளைப் பார்க்கக்கூட இல்லை, “டிரங்க்?” என்றார். இது உன் பெட்டியா என்பதுதான் கேள்வி.

பின்னாலிருந்து ஆறு குரல் ஒன்றாக எழுந்தது. “பே...க் மை டிரங்க்!”

முத்திரை காகிதத்துக்கு ஒரு சாண் மேலே நின்றது. ஜெட்டியே திரும்பிப் பார்த்தது. அவர் முத்திரையைக் கீழே வைத்தார். மெதுவாக, சோதித்துப் பார்க்கிற குரலில், “ஸ்டீமர்?” என்றார்.

“கே...ட்ச் தி ஸ்டீமர்!” இந்தத் தடவை அமலோற்பவமும் சேர்ந்து சொன்னாள். முன்னால் ஒருவர் சொன்னால் பதில் சொல்லாமல் இருக்கப் பழகாத நாக்கு.

“விசிட்?”

“பே...எ விசிட்!”

அவர்கள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பரீட்சையில் தேறிவிட்டோம் என்று நினைத்தார்கள். ஒருத்தி பின்னால் திரும்பி வாத்தியாரைப் பார்த்துச் சிரித்தாள்.

அதிகாரி காகிதங்களை அடுக்கித் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “யாரு உங்க கங்காணி?” என்றார்.

“கங்காணியா? எங்களுக்குக் கங்காணியெல்லாம் கெடையாதுய்யா” என்றாள் அமலோற்பவம். சிரிப்பு போய்விட்டது. “வாத்தியார்தான் சொல்லித் தந்தாரு. அந்தா, அங்கன நிக்காரு பாருங்க.”

அவனைக் கூட்டி வந்தார்கள். அந்த நடையைப் பார்க்கவேண்டுமே! வரும்போதே கோட்டுப் பொத்தானைக் கழற்றிக்கொண்டு வந்தான். கோட்டு இல்லாவிட்டால் ஆளை அடையாளம் தெரியாது என்று நினைத்தானோ என்னவோ. அதிகாரி இங்கிலீஷிலேயே கேட்டார், இந்தப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தது நீதானா என்று. அவன் கை கூப்பினான்.

“எனக்கு இங்கிலீஷ் தெரியாதுங்கய்யா.”

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. மூன்று வருஷம் ஊரை இங்கிலீஷால் அடித்தவன்! அதிகாரி தமிழில் திரும்பக் கேட்டார்.

“இவங்க யாருன்னே தெரியாதுங்கய்யா. சும்மா கப்பல் பாக்க வந்தேன். ஒரு எழுத்து தெரியாதுங்க. நான் கயத்தாறுங்க.”

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கங்காணி என்று எழுதிவிட்டால் சிறை என்று அவனுக்குத் தெரியும். ஏழு பெண்களும் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் ஒருத்தியையும் பார்க்கவில்லை. இப்படி ஒரு பிறவியா என்று எனக்கு அருவருப்பாக வந்தது.

அமலோற்பவம் என் பக்கம் திரும்பினாள். “அண்ணாச்சி, நீங்களாவது சொல்லுங்க. எங்க மாப்பிள்ளைய ஒங்களுக்குத் தெரியும்லா. என்னையும் தெரியும்லா.”

அதிகாரியும் திரும்பினார். “தெரியுமா பவுல்?”

லாஞ்ச்காரன் சங்கு ஊதினான். எனக்கு ஒரு வாக்கியம்தான் வேண்டியிருந்தது. இந்தப் பெண்ணைத் தெரியும் சார், வில்பிரட்டின் மனைவி, நான் உத்தரவாதம் என்று சொல்லியிருந்தால் அவர் முத்திரை குத்தியிருப்பார். என் பேச்சுக்கு அங்கே அந்த மதிப்பு இருந்தது. நான் வாயைத் திறந்தேன். என் கண் அந்தக் கறுப்புக் கோட்டின் மேல் இருந்தது.

“பொய் சொல்லுதான் சார். இவன்தான் ஆறுமுகநயினார். கருப்பட்டிக் கிட்டங்கி மாடியில பலகை போட்டு வகுப்பு நடத்துதான். நீங்க போன மாசம் சொன்னீங்களே மூணு பேரு, அவங்களும் இவன்ட்ட படிச்சவங்கதான். இவங்க ஏழு பேரும் இவன் ஆளுங்கதான் சார்.”

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. அதிகாரி பேனாவைத் திறந்துவிட்டார்.

“சார், ஆனா இந்த அமலோற்பவத்த எனக்குத் தெரியும், இது அந்த மாதிரி...”

“இருக்கட்டும் பவுல். அவன் ஆளுங்கன்னு நீங்களே சொல்லிட்டீங்க.” ஏழு பேரின் காகிதங்களையும் ஒரு நாடாவால் கட்டிவிட்டுச் சேவகன் பக்கம் திரும்பினார். “இந்தக் கூட்டத்தை நிறுத்து. விசாரிச்சுட்டு அடுத்த கப்பலுக்குப் பாக்கலாம்.”

அடுத்த கப்பலுக்கு விசா வேண்டும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் அவர் மேஜையைச் சுற்றி வந்து இன்னும் ஏதேதோ சொன்னேன். அவர் கேட்டதை இரண்டாம் தடவை கேட்கிறவர் இல்லை. ஆறுமுகநயினாரை அந்தச் சேவகன் கையைப் பிடித்து ஷெட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனான். உள்ளே போகிறவரைக்கும் தெரியாதுங்கய்யா, தெரியாதுங்கய்யா என்றே சொல்லிக்கொண்டு போனான்.

மற்றவர்கள் ஏறினார்கள். லாஞ்ச் கிளம்பியது. ஏழு பேரும் பெட்டிகள் மேல் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் வாய்விட்டு அழுதார்கள். அமலோற்பவம் அழவில்லை. தூரத்தில் ஸ்டீமரின் புகை நகர ஆரம்பித்ததும் எழுந்து, பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள். நான் தலையைக் குனிந்து டிக்கெட் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

“அந்த ஆளு பயந்துட்டாரு அண்ணாச்சி. பயந்து பொய் சொன்னாரு. ஒங்களுக்கு என்ன வந்தது?”

பதிலுக்கு அவள் நிற்கவில்லை.

ஆறுமுகநயினாரை இரண்டு நாளில் விட்டுவிட்டார்கள். கங்காணி என்பதற்கு ஒரு சாட்சியும் இல்லை. அவன் அட்டைகளைப் பார்த்து அதிகாரியே சிரித்தாராம். பலகையைக் கழற்றிவிட்டான். ஊரில் அவனைப் பார்த்தவர்கள் எல்லாம் எனக்கு இங்கிலீஷ் தெரியாதுங்கய்யா என்று சொல்லிக் காட்டினார்கள். நான்தான் அதைக் கவுண்டரில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் பரப்பினேன். கயத்தாற்றுக்கு ஓடிவிடுவான் என்று எதிர்பார்த்தேன். ஓடவில்லை. ஒரு மாதம் கழித்து மணப்பாட்டுக்குப் பஸ் ஏறிப் போய், அமலோற்பவத்தின் வீட்டு வாசலில் கைகட்டி நின்றிருக்கிறான். அவள் என்ன சொன்னாளோ தெரியாது. திட்டித் தீர்த்தாள் என்றும் சொன்னார்கள், உட்காரச் சொன்னாள் என்றும் சொன்னார்கள்.

அவளுக்கு விசா கிடைக்கப் பதினாலு மாதம் ஆனது. அதற்குள் வில்பிரட்டுக்குத் தண்ணீருக்கடியில் காது போய்விட்டது. அவள் போய்ச் சேர்ந்தபோது அவள் கூப்பிட்டது அவனுக்குக் கேட்கவில்லை என்று ஸ்டீமரில் வந்த ஆள் என்னிடம் சொன்னான். அந்தப் பதினாலு மாதமும் மெட்ராஸுக்கும் கொழும்புக்கும் மாற்றி மாற்றி மனு எழுதிக் கொடுத்தது அந்த ஆறுமுகநயினார்தான். ஒரு நகலை நான் பார்த்தேன். பக்கத்துக்கு எட்டுத் தப்பு. படித்தால் வாய்விட்டுச் சிரிக்கலாம், அப்படிப்பட்ட இங்கிலீஷ். தப்பில்லாமல் மனு எழுதத் தெரிந்தவன் அந்தக் கரையில் நான் ஒருவன் இருந்தேன். என்னிடம் அவள் கேட்கவில்லை.